பழைய டீசல் வண்டி: இன்ஜினை யாரிடம் காட்டி வாங்குவது?

காலை ஆறே கால் மணிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம், நானும் என் மச்சானும். எதிரே 2014 மாடல் எர்டிகா டீசல். மார்கழிப் பனி. கூரையிலும் முன் கண்ணாடியிலும் துளித்துளியாக ஈரம் நின்றது, பானெட்டில் மட்டும் காய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. முந்தின நாள் இரவே போனில், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லியிருந்தோம். கேட்டதற்கு, "பால் வாங்கப் போயிட்டு வந்தேன் தம்பி" என்றார் வண்டிக்காரர். உண்மையாகவே பால் வாங்கத்தான் போயிருக்கலாம். ஆனாலும், "நாளைக்குக் காலைல வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. 60 கிலோமீட்டர் வந்து வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணிப் பார்க்காமல் போவதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன டீசல் காரை மதியம் 2 மணிக்கு, ஒரு விற்பனை யார்டில் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்து வாங்கினேன். கழுவித் துடைத்து, சூடாக்கி நிறுத்தியிருந்தார்கள். தொட்டதும் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. மூன்றாவது வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விடிகாலையில் சாவியைத் திருப்பியபோது செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. பிடித்தபோது தெருவே நீலப் புகை. இன்ஜினை இறக்கி ரிங், பிஸ்டன், போர் வேலை, ஹெட் வேலை எல்லாம் முடித்து வண்டி வெளியே வரும்போது லட்சத்தை ஒட்டிச் செலவாகியிருந்தது. வாங்கும் முன் ஒரு காலை நேரம் ஒதுக்கியிருந்தால் அந்த வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

பழைய டீசல் வண்டி வாங்குபவருக்கு இன்ஜினைச் சோதிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. நாமே பார்ப்பது, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டுப் பார்க்கச் சொல்வது, ஏற்கெனவே சோதித்துச் சான்று கொடுத்த வண்டியை அதற்கென்று இருக்கும் கடையில் வாங்குவது. நான்காவதில் காசு கொடுத்தால் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டீசல் இன்ஜினில் பெரிய செலவு வைக்கும் இடங்கள் முக்கியமாக நான்கு: பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் பிஸ்டன் ஓடும் துளையான போரும் தேய்ந்து கம்ப்ரஷன் என்கிற காற்றழுத்தம் விழுவது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அதற்கு டீசலைத் தள்ளும் ஹை பிரஷர் பம்பும், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ, பி.எஸ். 6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டியானால் சைலன்சர் பாதையில் இருக்கும் டி.பி.எஃப். என்கிற புகை வடிகட்டி. மேலே சொன்ன நான்கு வழிகளில் எதுவும் இந்த நான்கையும் முழுதாகப் பார்த்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் கண் படும் இடம் ஒன்று, படாத இடம் ஒன்று.

நம் கண்ணும் காதும்

இதற்குச் செலவு கிடையாது, ஆனால் நேரம் வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் ஆளாக ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது, காற்றை அழுத்தி அழுத்தி அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். ரிங் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு வராது. இன்ஜின் சூடானபின் உலோகம் விரிந்து இடைவெளி கொஞ்சம் அடைபடும், குறை மறைந்துவிடும். அதனால்தான் விற்பவர்கள் வண்டியைச் சூடாக்கி வைக்கிறார்கள்.

மலைப் பகுதியில் காலைக் குளிருக்கு, ஸ்டார்ட் ஆகுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேலை செய்தே ஆக வேண்டும். ஊட்டியில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் முதலில் அதைத்தான் சந்தேகிக்கலாம். ஈரோட்டிலோ மதுரையிலோ அந்தச் சாக்கு அவ்வளவாகச் செல்லாது. நம் சமவெளிக் காலைச் சூட்டில் நல்ல காமன்ரெயில் இன்ஜின் (ரெயில் என்கிற ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுப்பது) ஹீட்டர் பிளக் இல்லாமலே பிடித்துவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் அஞ்சாறு விநாடி சுற்ற வேண்டியிருக்கிறது என்றால் கம்ப்ரஷனோ இன்ஜெக்டரோ வேலை கேட்கிறது.

ஸ்டார்ட் ஆகும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். சில விநாடி வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் வந்து கண்ணை எரித்தால் எரியாத டீசல். இனிப்பு வாசனையோடு வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே போகிறது, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு அவ்வளவு மோசமில்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி கட்டியிருந்தாலும் வரும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் வரும்.

அப்புறம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்கிற சோதனை. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்து அதே வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. வால்வு, செயின் எல்லாம் சுற்றுகிற காற்றுக்கே கொஞ்சம் ஆடும். மூடி துள்ளிக் கீழே விழுந்தாலோ, வாயிலிருந்து பழைய கரி இன்ஜின் ரயில் மாதிரி விட்டு விட்டுப் புகை வந்தாலோ, பிஸ்டனைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் குச்சியை உருவி அந்தத் துளையின் மேல் உள்ளங்கையைப் பிடித்தும் பார்க்கலாம். கையில் ஆயில் துளி பொட்டுப் பொட்டாகத் தெறித்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். பழைய பொலேரோ டி.ஐ. மாதிரி இன்ஜின்களில் கொஞ்சம் ஆவி எப்போதுமே வரும். அதனால் அதே மாடல் நல்ல வண்டி ஒன்றை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

ஆயில் நிறத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள்ளேயே கறுத்துவிடும், கறுப்பு ஒரு குறையே இல்லை. பத்து வருட டீசல் வண்டியில் ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தால்தான் யோசிக்க வேண்டும். நேற்றுதான் மாற்றியிருக்கிறார்கள். சத்தத்தையும் புகையையும் அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது பழைய வழக்கம். மூடியின் அடியில் பால்கோவா மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சும்மா நின்ற வண்டியில் ஈரத்தாலும் துளி வரலாம், ஆனால் குச்சியிலும் அதே வெளுப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கூலண்ட் டேங்கைக் கட்டாயம் குளிர்ந்த நிலையில் மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் அதில் நிற்காமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

பிறகு வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றி, ஒரு மேம்பாலத்திலோ ஏற்றத்திலோ. மூன்றாம் கியரில் மெதுவாக வந்து ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் டர்போ பிடிக்கும் இடம் தெரியும். இழுவை வராமல் விசில் மட்டும் ஏறினால் டர்போவிலோ அதன் ஹோஸிலோ கோளாறு. பைக்கில் ஒருவரைப் பின்னால் வரச்சொன்னால் லோடில் வரும் புகையை அவர் சொல்லிவிடுவார்.

ஓட்டி வந்ததும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பத்து நிமிடம் ஆஃப் பண்ணிவிட்டு, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். காலையில் குளிர் ஸ்டார்ட் ரிங்கையும் போரையும் காட்டும் என்றால், இந்தச் சூடு ஸ்டார்ட் இன்ஜெக்டரையும் பம்பையும் காட்டும். சூட்டில் டீசல் நீர்த்துவிடும். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக அது திரும்பிப் போய்விட்டால் ரெயிலில் தேவையான அழுத்தம் ஏறாது, செல்ஃப் வெறுமனே சுற்றும். காலையில் கிளம்பி, ஹைவேயில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

நாமே பார்ப்பதில் கம்ப்ரஷன் நன்றாகத் தெரியும், ஹெட் கேஸ்கட் தெரியும், டர்போ ஓரளவு தெரியும். எந்த இன்ஜெக்டர் எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குள் என்ன பதிந்திருக்கிறது என்பதும் தெரியாது.

தெரிந்த மெக்கானிக்

நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலானோர் செய்வது இதுதான், எனக்கும் இதில்தான் நம்பிக்கை அதிகம். ஒரு நிபந்தனை: அந்த மாடல் இன்ஜினை அவர் கையால் பிரித்துப் பூட்டியிருக்க வேண்டும். லாரி இன்ஜினில் ஊறியவர் கார் காமன்ரெயிலைப் பார்த்து, "சத்தம் நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது.

மாருதி, டாடா, ஃபியட், செவ்ரோலே என்று பல கம்பெனிகளின் வண்டிகளில் ஓடிய 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜினைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் குறைவு. அதில் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைப்பது டைமிங் செயின். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயின் தளர்ந்து, குளிர் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கரகரவென்று சத்தம் வரும். பழக்கப்பட்ட காது அதை இரண்டு விநாடியில் பிடித்துவிடும். டஸ்டரில் வந்த ரெனோவின் 1461 சி.சி. டீசலிலும், 2005 முதல் 2016 வரை வந்த இன்னோவாவின் 2494 சி.சி. இன்ஜினிலும் இருப்பது பெல்ட். செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் ஒரு சத்தமும் இல்லாமல் அறுந்து வால்வைப் பிஸ்டன்மேல் மோத விட்டுவிடும். அதனால் பெல்ட் இன்ஜின் என்றால் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேட்க வேண்டும். பில் இல்லையா, மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

மெக்கானிக் செய்யக்கூடியதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் உபரி டீசல் திரும்பிப் போகும் சின்னக் குழாய் இருக்கிறது. அதைக் கழற்றி, அதற்குப் பதிலாக குளுக்கோஸ் ஏற்றும் டியூபை மாட்டி, நாலு சின்ன பாட்டில்களைக் கம்பியில் தொங்கவிடுவார்கள். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றால் போதும், எந்த பாட்டில் வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. கணக்குத் தெரியாதவருக்கும் புரியும், விற்பவரும் மறுத்துப் பேச முடியாது. சில இன்ஜின்களில் அந்தக் குழாய் மூடிக்குள் இருக்கும், சுலபத்தில் எட்டாது. அங்கே இ.சி.யு.வைப் படித்துக் காட்டும் ஸ்கேனர்தான் வழி.

கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் அளப்பதுதான் உறுதியான சோதனை. பெட்ரோலில் 150 பி.எஸ்.ஐ. அளவில் வரும் இடத்தில் டீசலில் பெரும்பாலும் 300-க்கு மேல் இருக்க வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆனால் அதற்கு ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். பழைய வண்டியில் ஹீட்டர் பிளக் துருப்பிடித்து, கழற்றும்போதே ஹெட்டுக்குள் உடைந்துவிடும் ஆபத்து உண்டு. நம் பெயரில் இல்லாத வண்டியில் அதைக் கேட்பது நியாயமும் இல்லை, பெரும்பாலான ஓனர்கள் விடவும் மாட்டார்கள். பேக் கம்ப்ரஷனும் குளிர் ஸ்டார்ட்டும் சரியாக இருந்தால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

மெக்கானிக்கிடம் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. விற்பவரிடமோ புரோக்கரிடமோ அவருக்குக் கமிஷன் இருக்கக் கூடாது. வண்டியைக் காட்டிக் கொடுத்தவரே இன்ஜினையும் பார்த்துச் சொன்னால் அதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பார்க்க வருவதற்கான கூலியை வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே தொகை என்று. வாங்கினால்தான் காசு என்றால் யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல மனம் வராது.

சர்வீஸ் சென்டரும் ஸ்கேனரும்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய வண்டியை வாங்கும் முன் பார்த்துத் தருகிறார்கள். கட்டணம் மாடலுக்கும் ஊருக்கும் தக்கபடி மாறும், தனி மெக்கானிக் கூலியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அங்கே கிடைக்கும் பெரிய லாபம், என் பார்வையில், பழைய சர்வீஸ் பதிவு. ஓனரையும் கூட்டிக்கொண்டு போய் நம்பரைக் கொடுத்தால், எந்த வருடம் எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை நடந்தது என்று எடுத்துக் காட்டுவார்கள். மீட்டரில் 82,000 ஓடுகிற வண்டி மூன்று வருடத்துக்கு முன்பே 1,40,000-இல் சர்வீஸுக்கு வந்திருந்தால், வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. டாக்ஸியாக ஓடிய மஞ்சள் போர்டு வண்டியை ஓன் போர்டுக்கு மாற்றி விற்பதும் இங்கே வெளியே வந்துவிடும்.

அடுத்தது ஸ்கேனர். நல்ல ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் தெரியும், ஐட்லிங்கில் பொதுவாக 250 முதல் 350 பார் (அழுத்த அளவு) வரைக்குள் நிலையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இ.சி.யு. எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதும் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. பழுதுக் குறிப்புகளை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகளில் பார்க்கலாம். அதில் 6 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகி, போனோடு இணையும் சின்ன ஓ.பி.டி. கருவி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. பெரிய ஸ்கேனர் சொல்வதெல்லாம் அது சொல்லாது, ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அதுவே போதும்.

கருவி இல்லாமலும் ஒன்று பார்க்கலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் நிறுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் அந்த விளக்கையே யாரோ செயலிழக்க வைத்திருக்கலாம்.

பி.எஸ். 6 வண்டிக்கு நான் மெக்கானிக்கைவிட சர்வீஸ் சென்டரையே முதலில் சொல்வேன். 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வந்துவிட்டது. பிடித்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி ஹைவேயில் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து கடை என்று நகரத்துக்குள்ளேயே ஓடிய வண்டியில் அது முடியாமல் அடைத்துக்கொண்டே போகும். எரிக்க முயன்று பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். அதனால் பி.எஸ். 6 வண்டியில் ஆயில் குச்சியில் அளவு மேல்கோட்டையும் தாண்டி இருந்தால், ஆயில் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அதில் டீசல் கலந்திருக்கலாம். முகர்ந்து பார்த்தாலே தெரியும். டி.பி.எஃப்.பில் எவ்வளவு கரி நிற்கிறது, கடைசியாக எப்போது எரித்தது என்பதை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும்.

இதனாலேயே, 70,000 கிலோமீட்டர் சென்னைக்குள் மட்டும் ஓடிய பி.எஸ். 6 டீசலையும், சேலம் பெங்களூர் ஹைவேயில் 1,60,000 ஓடிய அதே வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால், ஆயில் பதிவுகள் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மீட்டரை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

சர்வீஸ் சென்டரின் குறை: வண்டியை அங்கே கொண்டுபோக ஓனர் சம்மதிக்க வேண்டும். காலையில் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், குளிர் ஸ்டார்ட் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய வண்டி என்றால் மாற்ற வேண்டிய பொருட்களின் பட்டியல் நீளமாக வரும். அந்தப் பட்டியலில் இன்ஜினைச் சேர்ந்தது எது, ரப்பரும் புஷ்ஷும் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விலை பேச அந்தத் தாள் நன்றாக உதவும் என்பதும் உண்மை.

சான்றோடு வரும் வண்டி

டிரூ வேல்யூ, எச் பிராமிஸ் மாதிரி கம்பெனிகளின் பழைய வண்டிக் கடைகளும், ஆன்லைனில் விற்கும் கடைகளும் சோதனை அறிக்கையோடு வண்டியைத் தருகின்றன. ஆர்.சி. மாற்றம், இன்சூரன்ஸ், கடன் அடைத்த சான்று என்று காகிதம் சம்பந்தப்பட்ட வேலையில் இவர்களிடம் நிம்மதி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அதற்காக விலையும் கூடுதல்.

இன்ஜின் விஷயத்தில் அந்த அறிக்கை எனக்குப் போதாது. நூறு, இருநூறு சோதனை என்று எண்ணிக்கை போட்டாலும் அதில் கதவு, கண்ணாடி, சீட், விளக்கு எல்லாம் அடக்கம். இன்ஜினுக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். சோதனை எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் நடந்தது என்று கேளுங்கள். வாரண்டித் தாளில் இன்ஜின் என்று எழுதியிருந்தால், அதற்குள் டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டி.பி.எஃப். வருகிறதா என்று பெயர் பெயராகப் படித்துப் பாருங்கள். டீசலில் காசு போவது அங்கேதான். திருப்பிக் கொடுக்கும் நாட்கள் என்று ஏதாவது தந்தால், அந்த நாட்களில் ஒரு காலையைக் குளிர் ஸ்டார்ட்டுக்கும் ஒரு நாளை மெக்கானிக்குக்கும் ஒதுக்கிவிடுங்கள். அப்படிப் பயன்படுத்தினால் இந்த வழியும் நல்ல வழிதான். மெக்கானிக் யாரையும் தெரியாத, புதிதாக ஒரு ஊருக்கு வேலைக்கு வந்தவருக்கு நானே இதைத்தான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும்

வெள்ளம் பார்த்த வண்டியை இந்த நான்கு வழியும் தவறவிடக்கூடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. டீசல் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி மாதக்கணக்கில் ஓடும், பிறகு ஒருநாள் அந்த ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சீட் தண்டவாளத்தின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் மண் அங்கேதான் தங்கும், வாட்டர் சர்வீஸில் போகாது.

அதேபோல் ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரை பிளாக்கில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தையிலிருந்து மாற்று இன்ஜின் வாங்கிப் போட்டிருந்தால், அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். டெல்லி வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதால்தான் அந்த மலிவு. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

எனவே யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வண்டியைப் பொறுத்துத்தான் பதில். காமன்ரெயில் வராத பழைய பொலேரோ, சுமோ என்றால் நம் கண்ணும் ஒரு நல்ல மெக்கானிக்கின் காதும் போதும், ஸ்கேனரில் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. பி.எஸ். 3, பி.எஸ். 4 காமன்ரெயில் என்றால் காலையில் நாம், பிறகு மெக்கானிக், முடிந்தால் ஸ்கேனர், இந்த வரிசையில். ஓசியில் முடியும் சோதனையை முதலில் செய்துவிட்டால், பாதி வண்டிகளுக்கு மெக்கானிக் கூலியே மிச்சம். பி.எஸ். 6 என்றால் சர்வீஸ் பதிவும் ஸ்கேனரும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம்.

மறுநாள் காலையில் கோபிக்கு மறுபடி போனோம், இந்தத் தடவை மெக்கானிக் அண்ணனும் கூட வந்தார். கூரை, கண்ணாடி, பானெட் எல்லாம் ஒரே மாதிரி நனைந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது, இரண்டு மூன்று விநாடி வெள்ளைப் புகை வந்து நின்றது. செயின் சத்தம் இல்லை. ஆயில் மூடி வைத்த இடத்தில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. சத்தி ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து ஆஃப் பண்ணி மறுபடி போட்டபோது மட்டும் செல்ஃப் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது. அண்ணன் ஒன்றும் பேசாமல் டிக்கியிலிருந்து பாட்டில்களை எடுத்தார். மூன்று பாட்டிலில் விரல்கடை அளவு டீசல் ஏறியிருந்தபோது நான்காவதில் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு.

வண்டிக்காரர் குனிந்து, பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது எனக்கே தெரியாது தம்பி" என்றார், அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 18,000 குறைத்துக்கொண்டார். அன்று மதியமே ஈரோட்டில் ஒரு டீசல் பம்ப் கடையில் அந்த இன்ஜெக்டரைக் கழற்றிக் கொடுத்தோம். மற்ற மூன்றையும் பெஞ்சில் வைத்துப் பார்த்து, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.